எத்தினை பேர் இருக்கிறியள்?

1981 மார்ச்சில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 830,552 பேர் இருந்தோம். அரசாங்கம் வீடு வீடாக ஆள் அனுப்பி எழுதிய கணக்கு அது. அதில் நானும் ஒரு தலை. கிளிநொச்சி அப்போது எங்கள் மாவட்டத்துக்குள் இருந்தது. 1984இல் அதைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். 91,764 பேர் ஒரு பெட்டி கட்டாமல், ஒரு படலை தாண்டாமல், காகிதத்தில் கீறிய கோட்டோடு எங்களை விட்டுப் போனார்கள். குடாநாட்டின் நிலத்திலேயே இருக்கிற பளையும் அவர்களோடு போனது. மிஞ்சியவர்கள் 738,788 பேர். குடாநாட்டில் சனம் குறைவதற்கு அது ஒரு ஒத்திகை. ஒருவருக்கும் நோகாததால் ஒருவரும் கவனிக்கவில்லை.

அதே கணக்கில் யாழ்ப்பாண நகரத்துக்கு 118,224 பேர். நாட்டில் நான்காம் இடம். கொழும்பும், தெகிவளை-கல்கிசையும், மொறட்டுவையும் முன்னுக்கு நின்றன. ஆனால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் யாழ்ப்பாணம் இலங்கையின் இரண்டாவது நகரம் என்றுதான் சொல்வார்கள். சுன்னாகத்தில் புகையிலை வியாபாரம் செய்த அம்மான் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். "தெகிவளையும் மொறட்டுவையும் கொழும்பின்ர விறாந்தை. விறாந்தையை ஆரும் தனி வீடெண்டு எண்ணுறவையோ?" புள்ளிவிபரத் திணைக்களத்துக்கு அம்மானைப் போல ஒருவர் கிடைத்திருந்தால் நாங்கள் நிரந்தரமாக இரண்டாம் இடத்திலேயே இருந்திருப்போம். 2012இல் நகரத்துக்கு 88,138 பேர். அம்மான் உயிரோடு இருந்திருந்தாலும் அதற்கொரு விறாந்தை கண்டுபிடித்திருக்க மாட்டார்.

எங்கள் ஊர் வலிகாமத்தில், சுன்னாகம் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும். கிணறு வெட்டி அதை இறைத்துக் குடிப்போம், தோட்டத்துக்கும் விடுவோம். துலா மிதித்த காலம் முடிந்து பம்பி வந்திருந்தது. எழுபதுகளில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயமும் மிளகாயும் விலை ஏறி, செம்மண் தோட்டக்காரர் சிலர் கல்வீடு கட்டினார்கள். காணியைப் பரப்புக் கணக்கில் அளப்போம். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஒவ்வொரு பெட்டைக்கும் சீதனம் எழுதும்போது காணி இரண்டாகும், பிறகு நாலாகும். இரண்டு பரப்புக்குள் ஒரு வீடு, ஒரு கிணற்றில் பாதி, நாலு தென்னை, ஒரு வழக்கு என்று குடும்பங்கள் வாழ்ந்தன. வழக்கு மல்லாகம் கோட்டில் நடக்கும். ஆண்டுக்கொரு தரம் வேலி அடைக்கும்போது கதியால் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். அந்த விரற்கடை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும்.

வேலியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆள் நுழைய ஒரு பொட்டு இருந்தது. வழக்குப் பேசுகிற வீடுகளுக்கு இடையிலும் இருந்தது. பெரியவர்கள் கோட்டுக்குப் படலையால் போவார்கள். பிள்ளைகள் சாப்பிடப் பொட்டால் போவார்கள். மாலையில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் சரியான விடை சொல்லக்கூடிய தாய் எங்கள் ஒழுங்கையில் இருக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் 1981 கணக்கெடுப்பு வந்தது. எங்கள் பகுதிக்கு வந்தவர் எனக்குக் கணிதம் படிப்பித்த மாஸ்ரர். விறாந்தையில் கதிரை போட்டிருந்து படிவத்தை விரித்து, "எத்தினை பேர் இருக்கிறியள்?" என்று ஐயாவைக் கேட்டார். ஐயா வாய் திறக்க முந்தி ஆச்சி குறுக்கே வந்தா. பிள்ளைகளைத் தலை எண்ணினால் கண்படும் என்பது அவவின் கட்சி. எண்ணவில்லை, பேர் மட்டும் எழுதுகிறேன் என்று மாஸ்ரர் சமாளித்தார். எழுதியதை ஒழுங்கை முடக்கில் நின்று எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நெடுந்தீவிலிருந்து வந்து எங்களோடு நின்று படித்த மச்சான் ஒருவன் இருந்தான். அவனை அங்கேயும் எழுதியிருப்பார்களோ என்று ஐயாவுக்கு யோசனை. மாஸ்ரர் அவனை எங்கள் வீட்டில் எழுதினார். கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்த சித்தப்பா பெரிய சிக்கல். கிழமை முழுக்கக் கொழும்பில் ஒரு அறையில் கிடப்பார். வெள்ளி இரவு மெயில் ரெயில் பிடித்துச் சனி விடிய வந்து, ஞாயிறு இரவு திரும்புவார். அவரை எங்கே எழுதுவது? அடுத்த சனி வந்தபோது இதைச் சொன்னோம். "ரெயிலில எழுதச் சொல்லு" என்றுவிட்டுப் படுத்தார்.

சித்தப்பாவின் விடையில் எங்கள் நூற்றைம்பது வருடச் சரித்திரம் இருந்தது. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. அடுத்த வருடம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். சைவப் பள்ளிக்கூடங்கள் போட்டிக்கு எழும்பின. படித்த பெடியள் பெருகினார்கள்; அவர்களுக்குத் தேவையான மேசைகள் குடாநாட்டில் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே ரெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் கிளாக்கராகவும் இருந்து மணியோடர் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் 'மலாயன் பென்சனியர்' ஆகி நாற்சார் வீடு கட்டி, பின்னேரங்களில் குடையோடு நடந்தார்கள். பிறகு கொழும்பு, கண்டி, தெற்குக் கடைகள் என்று அடுத்த தலைமுறை போனது. இன்று வயது போனவர்கள் "அந்தக் காலத்தில ஊர் நிறையச் சனம்" என்று சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்த நிறைவு பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும்தான். உழைக்கிற ஆம்பிளைகள் தைப்பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவார்கள். அவர்கள் வந்து போகிற கணக்கைத் தபால்காரர்தான் ஒழுங்காக வைத்திருந்தார்.

1981இன் கணக்கு அச்சாகி வெளிவர முன்னமே எல்லாம் கலையத் தொடங்கிவிட்டது. அந்த வருடம் மே கடைசி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 நூல்கள் என்றார்கள். எரிந்து முடிந்த பிறகுதான் அந்த எண் எங்கள் எல்லோருக்கும் பாடமானது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பல்களில் சனம் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியது. ரெயிலில் எழுதச் சொன்ன சித்தப்பா உடுத்த உடுப்போடு கப்பலில் வந்தார். குடாநாட்டின் ஆம்பிளைகள் முதல் தடவையாகத் திங்கட்கிழமையும் வீட்டில் நின்றார்கள். ஊர் உண்மையிலேயே நிறைந்தது அந்த ஒரு முறைதான். நிறைந்ததைப் பார்த்து ஒருவரும் சந்தோசப்படவில்லை.

அடுத்த கணக்கெடுப்பு 1991இல் வந்திருக்க வேண்டும். நாடு முழுக்கவே நடக்கவில்லை. 2001இல் நடந்தது, 25 மாவட்டங்களில் 18இல் மட்டும் முழுமையாக. நாங்கள் அந்தப் பதினெட்டுக்குள் இல்லை. 1981 மார்ச்சிலிருந்து 2012 மார்ச் வரை, முப்பத்தொரு வருடம், சனத்தொகைக் கணக்கெடுப்பு என்று புள்ளிவிபரத் திணைக்களம் எங்கள் படலையைத் தட்டவில்லை.

ஆனால் அந்த முப்பத்தொரு வருடத்தில் எங்களை எண்ணியதைப் போல உலகத்தில் வேறெந்தச் சனத்தையும் எண்ணியிருக்க மாட்டார்கள். குடும்ப அட்டைக்கு எண்ணினார்கள். நிவாரணத்துக்கு எண்ணினார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் சங்கக் கடையில் தலைக் கணக்குத்தான். கூப்பன் காலத்திலிருந்தே செத்துப்போன ஆச்சிமார் சீனி எடுத்துப் பழகியிருந்தபடியால், அட்டைகளில் ஊரின் சனத்தொகை எப்போதும் கொஞ்சம் ஆரோக்கியமாகவே இருந்தது. குடாநாட்டை விட்டு வெளிக்கிட வேண்டுமென்றால் புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். இராணுவம் வந்த பிறகு அவர்களுடைய படிவம், அவர்களுடைய அடையாள அட்டை, வீட்டில் யார் யார் என்று விதானையார் உறுதிப்படுத்திய பட்டியல். விதானைப் பதவியை 1963இல் ஒழித்துவிட்டார்கள். கிராம சேவகர் என்றும் அலுவலர் என்றும் பேர் மாறியது. சனத்துக்கு இன்றும் அவர் விதானையார்தான். சண்டை முடிந்த பிறகும் வீட்டுக்காரரை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தினை பேர் இருக்கிறியள்?" மாஸ்ரர் கேட்டபோது ஆச்சிக்குத்தான் பயம் வந்தது. இவர்கள் கேட்டபோது கேட்கிறவனின் கையைப் பார்த்து எங்கள் விடை கூடவோ குறையவோ செய்தது. அரிசி தருகிற கைக்கு ஒருவரைக் கூட்டிச் சொல்வோம். துவக்கு வைத்திருக்கிற கைக்கு வளர்ந்த பெடியனைக் கழித்துச் சொல்வோம். சுற்றிவளைப்பு நாட்களில் பள்ளிக்கூட வளவில் இருத்திவிட்டு, முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். அவன் தலை அசைந்தால் அந்த வீட்டுக் கணக்கில் ஒன்று குறையும். அப்படிக் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட எண் இன்றுவரை கிடையாது. 2017இலிருந்து கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் இருந்து கேட்கிறார்கள். அவர்களிடம் படங்கள் இருக்கின்றன, பேர்கள் இருக்கின்றன, திகதிகள் இருக்கின்றன. திணைக்களங்களிடம் இருப்பதை விட ஒழுங்கான பதிவு.

ஒக்டோபர் 30 என்று ஒரு திகதி இருக்கிறது. 1990இல் அந்த நாளில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னது இயக்கம். கையில் எடுத்ததையும் வழியில் பறித்தார்கள். வடமாகாணம் முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மாதம் போனார்கள். சோனகத் தெரு ஒரு பின்னேரத்துக்குள் வெறுமையானது. நாங்கள் பார்த்தோம்; பேசவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஓடின. இராணுவம் வருகிறது, எல்லோரும் தென்மராட்சிக்குப் போங்கோ. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் இலட்சக்கணக்கான சனம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சாவகச்சேரியும் கொடிகாமமும் ஒரே இரவில் நாட்டின் மிகப் பெரிய நகரங்களில் சேர்ந்தன. எந்தப் புள்ளிவிபரப் புத்தகத்திலும் அது இல்லை. வலிகாமத்தில் நாய்களும் மாடுகளும் எழும்ப முடியாத சில கிழவர்களும் மிஞ்சினார்கள். அடுத்த சித்திரைக்குப் பிறகு ஒரு பகுதி திரும்பி வந்தது. ஒரு பகுதி கிளாலியால் வன்னிக்குப் போனது. இன்னொரு பகுதி கொழும்புக்கு வழி தேடி, அங்கிருந்து ஏஜென்சிக்காரன் காட்டிய திசையில் போனது.

2012இல் ஒருவழியாகத் திணைக்களம் வந்தது. மாவட்டத்தில் 583,882 பேர் என்றது. முப்பத்தொரு வருடம் பிள்ளை பெற்ற பிறகு, தொடங்கிய இடத்துக்கு ஒன்றரை இலட்சம் கீழே நின்றோம்.

இதற்குள் ஒரு வேடிக்கை. 2010 தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் பட்டியலில் 721,359 பேர். தேர்தல் மாவட்டம் என்றால் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. இரண்டு வருடம் கழித்து இரண்டு மாவட்டத்துச் சனத்தையும், தொட்டில் பிள்ளைகள் உட்படக் கூட்டினாலும் ஏழு இலட்சம் வரவில்லை. வாக்குரிமை உள்ளவர்கள் உயிரோடு உள்ளவர்களை விடக் கூட. ஸ்காபரோவில் பனி வழிக்கிறவர், பாரிஸ் லாச்சப்பலில் கடை வைத்திருக்கிறவர், செம்மணி தாண்டும்போது காணாமல் போனவர், 1987இல் ஷெல் பட்டுச் செத்தவர் எல்லோரும் பட்டியலில் சமாதானமாக அடுத்தடுத்து இருந்தார்கள். குடாநாடு முழுதாக இருந்த கடைசி இடம் அந்தப் பட்டியல்தான். பிறகு அதைத் துப்புரவாக்கினார்கள். 2015இல் 529,239 பேர். பாராளுமன்ற ஆசனம் இந்தக் கணக்கில்தான் வரும். 1989இல் பதினொன்று இருந்தது; 2010இல் ஒன்பது; 2015இல் ஏழு; 2024இல் ஆறு. எங்கள் உரிமைக்காக நாங்கள் அனுப்பிய பிரதிநிதிகள் உலகத்துக்கு உரக்கப் பேசிக்கொண்டிருக்க, எங்கள் பிள்ளைகள் விமானச் சீட்டு வாங்கி அவர்களுடைய கதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது ஊருக்கு வருபவர்கள் முதலில் வியப்பது வீடுகளைப் பார்த்து. இரண்டறை வீட்டில் பத்துப் பேர் பாய் போட்ட இடத்தில் மேல்மாடி, குளியலறை இணைந்த அறைகள், குளிரூட்டி, மார்பிள். உள்ளே எண்பது வயது அம்மா ஒருவர். பொட்டு வைத்த வேலி போய் எட்டடி மதில், மதிலில் கமரா. அம்மா முற்றம் கூட்டுவதை மகன் ரொறொன்ரோவில் இரவு படுக்கையிலிருந்து பார்க்கிறான். "ஏன் வெயிலுக்க நிக்கிறியள்?" என்று போனில் கேட்கிறான். முந்தி இந்தக் கேள்வியை அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து இலவசமாகக் கேட்டாள். எல்லை வழக்குகளும் மல்லாகத்தில் ஓய்ந்துவிட்டன. விரற்கடை நிலத்துக்காக ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு வளவையும் ஒரே தரகரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கோயில்கள் ஆள் குறையக் குறைய உயர்ந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு முந்தி ஓடு போட்ட மண்டபம், இப்போது கோபுரம். உபயகாரர் பட்டியலில் இலண்டன், சுவிஸ், கனடா, அவுஸ்திரேலியா. சுவாமி வீதிக்கு எழுந்தருளும்போது தூக்கத் தோள் இல்லாமல் சில்லு வாகனம் செய்திருக்கிறார்கள். ஆடி ஆவணியில் மட்டும் எல்லாம் மாறும். நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா. வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் விடுமுறை. ஒழுங்கையில் வான் நுழையும், தண்ணீர்ப் போத்தல் பிடித்த பிள்ளைகள் இறங்குவார்கள், ஊர் இரண்டு மடங்காகும். கடைசி வாரத்தில் பலாலி விமான நிலையத்தாலும் கட்டுநாயக்கவாலும் வடிந்துபோகும்.

செத்தவீடுகள்தான் ஊரின் இன்றைய அளவைச் சரியாகக் காட்டுகின்றன. மரண அறிவித்தலில் பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் ஒன்று, பிள்ளைகள் நாலு நாட்டில், மருமக்கள் ஐந்தாவது நாட்டில். போன வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் போனார். நேரலையில் பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில். பாடை காவ நாலாவது ஆளுக்காக அரை மணித்தியாலம் நின்றோம். ஊர்ப் பேரில் ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் உள்ளவர்களின் தொகை, ஊரில் உள்ளவர்களை விடக் கூட. விடிய நாலு மணிக்கு அதில் சண்டை நடக்கும். சண்டை பிடிக்கிறவர்களுக்கு அது பின்னேரம்.

அந்தக் குழுவில்தான் மலர் விசயம் வந்தது. எங்கள் ஊர் ஒன்றியத்தின் கனடாக் கிளை ஒரு வெள்ளிவிழா மலர் போடுகிறது. ஊரின் வரலாறும் சனத்தொகையும் எழுத ஒரு ஆள் தேவை. நான் ஊரில் நிற்கிறேன், நேரமும் இருக்கிறது. தலைவர் யாரென்றால் எங்கள் வீட்டில் நின்று படித்த நெடுந்தீவு மச்சான். நெடுந்தீவான் எப்படி எங்கள் ஊருக்குத் தலைவர் என்று இலண்டன் கிளை ஆட்சேபித்தது. 1981இல் மாஸ்ரர் அவனை எங்கள் வீட்டில்தான் எழுதினார் என்று நான் சாட்சி சொன்னேன். அரசாங்கப் புள்ளிவிபரம் எங்கள் ஊருக்குப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம்.

ஆடியில் மச்சான் நேரில் வந்தான். எங்கள் விறாந்தையில் இருந்து வளவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "என்ன மச்சான், ஊரில ஒருத்தரும் இல்லை." அவன் இதைச் சொன்ன நேரம் தென்னையில் ஒருவர் தேங்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் இரண்டு மேசன்மார் தொட்டி கட்டினார்கள். என் தாயைப் பார்க்கிற பெண் அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டுதான் சொன்னான். நாலு பேரும் கேட்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வசனம் அவர்களுக்குப் புதிதில்லை.

ஊரின் கிழக்குக் கரையில் ஒரு குறிச்சி இருக்கிறது. பேர் சொல்லாமலே "அந்தப் பக்கம்" என்றால் எல்லோருக்கும் விளங்கும். மரம் ஏறியவர்கள், உடுப்பு வெளுத்தவர்கள், முடி வெட்டியவர்கள், தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்கள். கோயிலுக்குள் அவர்கள் வரக்கூடாது, கிணற்றில் அள்ளக்கூடாது, தேத்தண்ணிக் கடையில் அவர்களுக்கு வேறு பேணி. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிப் போராடினார்கள். எங்கள் ஊர் அதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, தன் கோயில் கதவைக் கொஞ்சம் இறுக்கிச் சாத்தியது. "எங்கட ஊர் முந்நூறு குடும்பம்" என்று ஐயா சொல்வார். அந்தக் குறிச்சியைச் சேர்க்காத கணக்கு அது. 1981இல் மாஸ்ரர் அங்கேயும் போனார். வளவுக்குள் போகவில்லை, வேலிக்கு வெளியே நின்று பேர் கேட்டார், ஆனால் எழுதினார். அரசாங்கப் படிவத்தில் ஐயாவுக்கு ஒரு வரி, தென்னை ஏறியவருக்கும் ஒரு வரி. எங்களை எண்ணிய அத்தனை பேருக்குள்ளும், ஊர் உட்பட, ஆளை ஆளாக எண்ணியது அந்தப் படிவம் ஒன்றுதான்.

சண்டை வந்தபோது வெளிநாடு போகக் காசு வேண்டும். காணி உள்ளவர்கள் விற்றோ ஈடு வைத்தோ போனார்கள். காணி இல்லாதவர்கள் நின்றார்கள். வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமானபோது மயிலிட்டி, பலாலிப் பக்கத்து மீனவர்களும் கூலிக்காரரும் மல்லாகம், சுன்னாகப் பக்கத்து நலன்புரி நிலையங்களில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தார்கள்; மயிலிட்டித் துறைமுகத்தை 2017இல்தான் விட்டார்கள். அவர்களில் சிலர் எங்கள் ஊரிலேயே துண்டுக் காணி வாங்கி வீடு போட்டுவிட்டார்கள். ஊரில் இன்று ஒருத்தரும் இல்லை என்று சொல்லப்படுகிற அந்த ஒருத்தர்கள் இவர்கள்தான்.

மலருக்காக விதானையாரிடம் போய்க் கணக்கு எடுத்தேன். இளம் பிள்ளை, கணினியில் தட்டி ஒரு எண் தந்தா. கட்டுரையை எழுதி அனுப்பினேன். பாரிஸ் கிளை எண் குறைவு என்றது. வெளிநாட்டில் உள்ளவர்களையும் சேர்க்கச் சொன்னது. சேர்த்தேன். அப்படியென்றால் அவர்களின் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்றது இலண்டன். ஊரைப் பார்த்தே இராத, தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஒரே மின்னஞ்சலில் ஊரவர் ஆனார்கள். பிறகு மச்சான் தனியாகப் போன் எடுத்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "விதானையார் தந்த கணக்கில அந்தப் பக்கத்தையும் சேர்த்தோ இருக்குது?" ஓம் என்றேன். முகாமிலிருந்து வந்து குடியேறியவர்களையும்? ஓம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "குழு ஒருக்கா யோசிக்கட்டும்" என்றான்.

2024இல் கணக்கெடுப்பு மறுபடி வந்தது. கையில் ரப்லற் வைத்திருந்த பிள்ளை அதே கேள்வியைக் கேட்டா. அம்மா, நான், அம்மாவைப் பார்க்கிற பெண், அவளுடைய மகள் என்று சொன்னேன். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டா. நான் யோசிக்க முந்தி, "வேலைக்கு நிக்கிறன், ஆனா இஞ்சதான் இருக்கிறன்" என்று அவளே சொல்லிவிட்டாள். மாவட்டம் இந்த முறையும் ஆறு இலட்சத்துக்குக் கீழேதான். 1981ஐ எட்டிப் பிடிக்க அன்றைய யாழ்ப்பாண நகரம் ஒன்றை முழுதாகப் பெற்று வளர்த்தாலும் போதாது.

மலர் போன மாதம் கப்பலில் வந்தது. வழவழப்பான தாள். வாழ்த்துச் செய்திகள், கிளைத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோரும் கோட்டுப் போட்டு வண்ணத்தில். வரலாறு அப்படியே இருக்கிறது. சனத்தொகைப் பக்கம் இல்லை. அந்த இடத்தில் ஸ்காபரோ நகைக்கடை ஒன்றின் விளம்பரம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் முதலாம் வகுப்புக்குச் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் முகாமிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும்தான். அவர்கள் இல்லாவிட்டால் கல்வித் திணைக்களம் பள்ளிக்கூடத்தை எப்போதோ மூடியிருக்கும். எண்ண, எழுத எல்லாம் அங்கேதான் படிக்கிறார்கள். அடுத்த மலரில் ஊரின் சனத்தொகையை அவர்கள் எழுதுவார்கள். எங்களைச் சேர்ப்பதா விடுவதா என்று அவர்களுடைய குழு ஒருக்கா யோசிக்கட்டும்.